வனவிலங்கு நிர்வாகத்தில் அரசு வேட்டைக்காரர்களுக்குச் சாதகமாக நடக்கிறதா?

அமெரிக்காவைப் பற்றிய கேள்வி என்றால், பெரும்பாலும் ஆமாம். நம் ஊரைப் பற்றி என்றால் கதை வேறு. எனக்கு ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கம். எங்கள் ராகிக் கொல்லைக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதைதான் இருக்கிறது.

முதலில் அமெரிக்கா. அங்கே மாநில வனவிலங்குத் துறைகளுக்கு வேட்டை உரிமக் கட்டணம் ஒரு பெரிய வருமானம். அதோடு, 1937-ல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது போடும் வரியும் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது, அந்த மாநிலத்தில் உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்கள் எத்தனை பேர் என்பதும் கணக்கில் வரும். படியளப்பவன் பக்கம்தானே பார்வை போகும்? 2021 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஓநாய் வேட்டையைப் பாருங்கள். துறை அப்போது அதற்குத் தயாராக இல்லை. ஒரு வேட்டைக்காரர் அமைப்பு வழக்குப் போட்டு நடத்த வைத்தது. அனுமதித்தது 119. மூன்று நாள் முடிவதற்குள் செத்தது 218. (வேட்டைக்காரர் பணத்தில் அங்கே நிறையக் காடும் சதுப்பு நிலமும் பிழைத்தது என்பதும் உண்மைதான். அதை மறைத்துவிட்டுத் திட்டுவது எனக்குப் பிடிக்காது.)

இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் அதற்குத் திருத்தமும் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. ஆனால் ‘தொல்லை தரும் விலங்கு’ என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. 2016-ல் பீகாரில் அந்த அறிவிப்பின் பேரில் வெளியூர்த் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து 200-க்கும் மேல் நீல்காய் மான்களைச் சுட்டார்கள். அப்போது மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தியே சொந்த அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி பற்றி ஓர் அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்றுக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். தனியாரிடம் துப்பாக்கியைக் கொடுக்காததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அஞ்செட்டி, தளி, உரிகம் பக்கம் காட்டை ஒட்டி இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் கணக்கால் என்ன பிரயோஜனம்? பன்றி முதலில் இறங்குவதே எங்கள் கடலைக்காட்டில்தான்.

அந்த இடைவெளியில்தான் நம் ஊர் வேட்டைக்காரர் நுழைகிறார். “அண்ணா, பன்னி தொல்லையா இருந்தா ஒரு போன் போடுங்க, ரெண்டே ராத்திரி” என்பார். காசு கேட்கமாட்டார், கறி அவருக்கு. பன்றி மாட்டாத ராத்திரியில் புள்ளிமானோ முயலோ மாட்டும். அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

நான்கு வருஷம் முன்னால் எங்கள் செவலைப்பசு மேய்ச்சலுக்குப் போய் வாயெல்லாம் ரத்தமாகத் திரும்பி வந்தது. பன்றிக்கு யாரோ வைத்த அவுட்டுக்காயை (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) கடித்திருக்கிறது. கீழ்த்தாடை பிளந்து நாக்கு தொங்கியது. தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கும், குடிக்க முடியாது, எடுத்துவிடும். மறுபடி வைக்கும். மூன்றாம் நாள் காலை செத்துப்போனது. வைத்தது யார் என்று ஊருக்கே தெரியும். புகார் கொடுக்க அப்பா போகவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அவரை எங்கள் கொல்லைக்கே ஒருமுறை கூப்பிட்டவர்கள்தானே நாங்கள்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்ததும் பன்றிக்காகப் போட்ட மின்கம்பியில்தான். கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின.

ஆக, நம் வனத்துறை வேட்டைக்காரர் காசில் நடக்கவில்லை. என் குறை வேறு. பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கேட்டால் போட்டோ, சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. கையெழுத்து, அப்புறம் பார்வையிட வரும் ஆளுக்காகக் காத்திருப்பு. அவர் வருவதற்குள் மிச்சக் கடலையையும் பன்றி கிளறிவிடும். இப்படி இழுத்தடிப்பதுதான் கறிக்காரருக்கு அரசு செய்யும் உதவி.

இரண்டு முறை மனு கொடுத்துவிட்டு அப்பா விட்டுவிட்டார். இந்த வருஷம் காட்டோர அரை ஏக்கரில் கடலை போடவில்லை. ஆமணக்கு ஊன்றியிருக்கிறோம்.