'அபண்டன்ட்': கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

கேள்வி: 'அபண்டன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'நிறைய' என்று எழுதினால் போதாதா சார்?

பல இடங்களில் போதும். ஆனால் 'நிறைய' அளவை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். அபண்டன்டில் தேவைக்கு மேல் வழிகிறது என்ற நினைப்பும் சேர்ந்தே வரும். 'ஏராளமான', 'மிகுதியான' என்று எழுதினால் நெருங்கிவிடலாம்.

கேள்வி: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. அதிலிருந்து வந்த 'அபுண்டாரே' என்ற வினைச்சொல்லுக்குக் கரை மீறி வழிவது என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இடையில் ஒரு குழப்பம்: 'வைத்திருத்தல்' என்ற பொருளுள்ள 'ஹபேரே'யிலிருந்து பிறந்தது என்று நினைத்துப் பலர் முன்னால் ஒரு எச் போட்டு 'ஹபண்டன்ட்' என்றே எழுதினார்கள். பிறகு அந்த எச் உதிர்ந்தது.

வெள்ளத்தில் மூழ்கடிக்கும் 'இனண்டேட்', தேவைக்கு மிஞ்சி நிற்கும் 'ரிடண்டன்ட்' இரண்டும் இதே அலையின் பிள்ளைகள். 'சரவுண்ட்' கூடத்தான். முதலில் அதற்கும் வெள்ளம் மேலேறி மூடுவது என்றுதான் பொருள். 'ரவுண்ட்' என்ற ஒலி காதில் விழ விழ, சூழ்ந்து நிற்பது என்று பொருள் திரும்பிவிட்டது.

நம்மிடமும் இதே பார்வை உண்டு. பழந்தமிழில் 'வெள்ளம்' ஒரு பேரெண்ணின் பெயர். எண்ணி முடியாததைப் பார்த்ததும் இரண்டு மொழிக்கும் தண்ணீர்தான் ஞாபகம் வந்திருக்கிறது. 'பெருகுதல்' என்ற நம் சொல்லையும் ஆற்றுக்கும் சொல்கிறோம், செல்வத்துக்கும் சொல்கிறோம்.

கேள்வி: 'ஆம்பிள்', 'கோபியஸ்' இவற்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆம்பிளில் ஒரு தேவை ஒளிந்திருக்கும். 'ஆம்பிள் டைம்' என்றால் இந்த வேலைக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது என்று அர்த்தம். கோபியஸ் பெரும்பாலும் வெளியே கொட்டுவதற்கு வரும்: கண்ணீர், வியர்வை, பக்கம் பக்கமாக எழுதிய குறிப்புகள். அபண்டன்ட் இன்ன வேலைக்கு என்று தனியாக ஒரு தேவையைப் பார்க்காது. அங்கே குவிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: 'ஐ ஹேவ் அபண்டன்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். இலக்கணம் சரிதானே?

இலக்கணம் சரி, பழக்கம் சரியில்லை. நீர், மழை, கனிமம், ஆதாரம், ஆற்றல் மாதிரியானவற்றோடுதான் இந்தச் சொல் இயல்பாகச் சேரும். நண்பர்களைச் சரக்குபோல் குவித்துச் சொன்னால் காதில் இடிக்கும். 'ப்ளென்டி ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்' என்று எழுதுங்கள். பேச்சிலும் அதுதான் வரும். அபண்டன்ட் கொஞ்சம் எழுத்து நடைச் சொல்.

கேள்வி: பின்னால் 'வித்' வருமா, 'இன்' வருமா?

'இன்'. 'அபண்டன்ட் இன் மினரல்ஸ்' என்றால் கனிமங்கள் மிகுந்த என்று பொருள். சொல்லுக்கு முன்னால் 'எ' வராது, 'அன்' வரும், உயிரொலியில் தொடங்குகிறதே.

கேள்வி: அறிவியல் பாடத்தில் இது அடிக்கடி வருகிறதே?

அங்கே அது அளந்து சொல்கிற சொல். பிரபஞ்சத்தில் 'மோஸ்ட் அபண்டன்ட்' தனிமம் ஹைட்ரஜன், பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன். வறண்ட காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். இந்த இடங்களில் 'ஏராளமான' வேண்டாம், 'மிக அதிகமாக உள்ள' என்று எழுதுங்கள். உயிரினப் பாடத்தில் 'அபண்டன்ஸ்' என்று வந்தால், ஓரிடத்தில் ஓர் இனம் எத்தனை இருக்கிறது என்பதே பொருள். அது குறைவாகவும் இருக்கலாம்.

கேள்வி: 'அபண்டன்ட்லி கிளியர்' என்றால்?

சந்தேகத்துக்கே இடமில்லாமல் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். கண்டிப்போடு சொல்லும்போது வரும், அதனால் பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் பார்த்துப் போடுங்கள்.