சீருடை, கயிறு, கிராப்பு: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரிடம் கேட்டவை

முப்பத்தொரு வருஷம் தென்மாவட்ட அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அரசுப் பள்ளிச் சீருடை, பிள்ளைகளின் தோற்றம் பற்றிய விதிகள், இவற்றைக் கேளுங்கள். தனியார் பள்ளி சமாச்சாரம் எனக்குத் தெரியாது.

கேள்வி: மகன் ஏழாவது படிக்கிறான். இலவசமாகத் தந்த சீருடை தொளதொளவென்று இருக்கிறது. பிடித்துத் தைக்கலாமா சார்? (ஒரு அம்மா, திண்டுக்கல்)

தாராளமாகத் தைக்கலாம் அம்மா. ஒன்று மட்டும் சொல்கிறேன், மிச்சத் துணியை வெட்டிவிடாதீர்கள். உள்ளே மடித்துத் தையல் போடுங்கள். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் இன்னும் ஆறு மாதம் ஓடும். இந்தச் சீருடைகளைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் பெண்கள். ஆயிரக்கணக்கில் தைக்கும்போது உங்கள் மகன் இடுப்புக்கென்று தனியாக அளவு வராது.

கேள்வி: மகள் ஒன்பதாவது போனதும் சீருடை தரவில்லை. பள்ளியில் ஏமாற்றுகிறார்களா?

இல்லை. சத்துணவுத் திட்டத்தில் பெயர் உள்ள, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத்தான் இலவசம். எம்.ஜி.ஆர். காலத்தில் 1985இல் தொடங்கியது. ஜெயலலிதா ஆட்சியில் வருஷத்துக்கு நான்கு செட் ஆனது. ஒன்பதாவதிலிருந்து நாம்தான் எடுக்க வேண்டும். துணி எடுக்கும் முன் நிறத்தைப் பள்ளியில் போய் நேரில் கேளுங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் அவர்களிடமே யூனிஃபார்ம் வாங்கச் சொல்கிறார்கள். சிபிஎஸ்இ பள்ளி.

தனியார் பள்ளி. என் எல்லைக்கு வெளியே. பள்ளிக்குள் சீருடை, புத்தகம் விற்று வியாபாரம் செய்யக்கூடாது என்று சிபிஎஸ்இயே 2017இல் சொன்னது; அந்தச் சுற்றறிக்கையை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இப்போது என்ன விதி என்று சிபிஎஸ்இக்கே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு ஆசிரியர். பையன்கள் கையில் கலர் கயிறு கட்டி வருகிறார்கள். கழற்றச் சொன்னால் 'கோயில் கயிறு' என்கிறார்கள் பெற்றோர். என்ன அதிகாரத்தில் சொல்வது ஐயா? (தூத்துக்குடி)

இதற்குத்தான் காத்திருந்தேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் சில பள்ளிகளில் கயிற்றின் நிறம் என்றால் சாதி. தூரத்திலிருந்தே யார் எந்த ஆள் என்று தெரிந்துவிடும். 2019இல் பள்ளிக்கல்வி இயக்குநர் இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். உடனே எதிர்ப்பு. அமைச்சரோ தனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை என்றார். கீழே இருக்கிற நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு, எதுவும் வேண்டாம் என்று பரிந்துரைத்தார். பரிந்துரை வேறு, ஆணை வேறு. உங்கள் பள்ளிக்கு வந்த சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

என் அனுபவம் ஒன்று. ஒரு வருஷம் காலை வழிபாட்டில் கத்தரிக்கோலோடு நின்று அத்தனை கயிற்றையும் வெட்டினேன். பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் சட்டைக்குள் கலர் பனியன் வந்தது. சட்டையைக் கழற்றிப் பார்க்க முடியுமா? அப்புறம்தான் அகர வரிசையில் உட்கார வைத்தேன். பெஞ்சில் சாதிக் கூட்டம் உடைந்தது. பனியன் தானாகவே குறைந்தது, போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அகர வரிசை இருக்கையைச் சந்துரு அறிக்கையும் சொல்கிறது.

கேள்வி: என் பாட்டி திருச்செந்தூரில் வாங்கிக் கட்டிவிட்ட கயிறு. அதுவும் சாதியா?

உங்கள் பாட்டியை நான் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. நாற்பது பேர் ஒரே நிறத்தில் கட்டி, இன்னொரு நாற்பது பேர் வேறு நிறத்தில் கட்டி வந்தால், அந்த நாற்பது பாட்டிகளும் பேசிவைத்தா வாங்கினார்கள்?

கேள்வி: கயிறு வேண்டாம் என்றால் ஹிஜாபும் வேண்டாம்தானே? நேராகப் பதில் சொல்லுங்கள்.

நேராகவே சொல்கிறேன். கர்நாடகத்தில் 2022 பிப்ரவரி 5 அன்று சீருடை ஆணை வந்தது. மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹேமந்த் குப்தா ஒரு பக்கம், நீதிபதி சுதான்ஷு துலியா மறுபக்கம் தீர்ப்பு எழுதி, தகுந்த அமர்வை அமைக்கச் சொல்லித் தலைமை நீதிபதியிடம் போனது. அது அந்த மாநில ஆணை பற்றிய வழக்கு. என் பள்ளியில் முஸ்லிம் பெண்கள் சீருடை நிறத்திலேயே முக்காடு போட்டு வந்தார்கள். அதைப் பார்த்து எவனும் எவனையும் வெட்டவில்லை.

கேள்வி: மழுப்புகிறீர்கள். இரண்டும் அடையாளம்தானே?

அடையாளம்தான். ஒன்று எங்கள் ஊரில் அடிதடிக்கு அணிவகுக்க உதவியது, மற்றது உதவவில்லை. நான் பார்த்தது அது.

கேள்வி: கயிறு பற்றி இன்னொரு சந்தேகம்...

ஐந்தாவது ஆள் நீங்கள். மேலே படியுங்கள்.

கேள்வி: மகன் முடி வெட்டிய விதம் சரியில்லை என்று இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆறாம் வகுப்பு.

தப்பு. கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. ஒரு பையனை என் காசில் சலூனுக்குக் கூட்டிப் போய் ஒட்ட வெட்டவைத்தேன். நல்லது செய்கிறோம் என்று நினைப்பு. நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு முடியில் கை வைக்கவில்லை.

கேள்வி: கேரளாவில் மாணவிகளுக்கும் பேன்ட் சட்டை கொடுத்தார்களே, இங்கே வருமா? (பிளஸ் ஒன் மாணவி)

பாலுசேரி அரசுப் பள்ளியைச் சொல்கிறாய், 2021 டிசம்பர். எதிர்ப்பும் வந்தது. இங்கே தாவணியிலிருந்து சுடிதாருக்கு மாறியபோதும் முணுமுணுத்தார்கள் அம்மா. அரசு கொடுத்த சைக்கிளைத் தாவணியோடு மிதித்துப் பார்த்தவர்கள் முணுமுணுக்கவில்லை. உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு வேண்டும் என்று எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் கொடு.

கேள்வி: எங்கள் மெட்ரிக் பள்ளியில் ஷூ கூட...

தனியார். மேலே பார்க்கவும்.

கேள்வி: வரும் ஜூனிலிருந்து சீருடை நிறம் மாறுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இப்போதே துணி எடுத்துவிடலாமா?

சுற்றறிக்கையைப் பார்த்தீர்களா? எடுக்காதீர்கள்.