குடிக்காம இருந்தா பரிசா? கேட்டவங்களுக்கு பதில்

போதைய விடறவங்களுக்கு பரிசு குடுத்து வைத்தியம் பண்றாங்களே, அத பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். சேலம், ஏற்காடு பக்கம் இருந்து வந்த கேள்விங்க இது. நான் போதை மறுவாழ்வு கவுன்சிலர், டாக்டர் இல்ல, மாத்திரை பேரு கேக்காதீங்க.

அம்மாபேட்டை: அக்கா, காசு குடுத்தா விட்டுருவாங்கன்றது நிஜமா?

நிஜம் தாங்க, ஆனா சும்மா தூக்கி குடுக்கறதில்ல. 1990கள்ல அமெரிக்கால வெர்மான்ட் யுனிவர்சிட்டில ஸ்டீபன் ஹிக்கின்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் கொக்கைன் பழக்கம் உள்ளவங்களுக்கு பண்ணாரு. வாரம் 3 யூரின் டெஸ்ட், முதல் தடவை போதை இல்லாம சுத்தமா வந்தா 2.50 டாலருக்கு பொருள் வாங்கிக்கற வவுச்சர், அப்பறம் ஒவ்வொண்ணுக்கும் 1.25 கூடிட்டே போகும், தொடர்ந்து 3 சுத்தம்னா 10 டாலர் போனஸ். நடுவுல தப்பா வந்தா மறுபடி 2.50 தான். ஆனா அதுக்கப்பறம் தொடர்ந்து 5 சுத்தமா குடுத்தா விட்ட இடத்துக்கே ஏத்தி விட்டுருவாங்க. எனக்கு இதுல பிடிச்சதே இந்த விதி தான், சறுக்குனவன் “போச்சு எல்லாம்”னு உக்காந்துட மாட்டான் பாருங்க. கையில ரொக்கம் கிடையாது. கொக்கைன், மெத்துன்னு சொல்ற மெத்தாம்பெட்டமின் போதைப் பழக்கத்துக்கு அங்கீகாரம் வாங்கின மருந்தே இல்ல, அதனால தான் அங்க இதுக்கு இவ்ளோ மதிப்பு.

கொண்டலாம்பட்டி: வீட்டுக்காரர் கொலுசு பட்டறைல இருக்காருங்க, கூலி வாங்கினா நேரா டாஸ்மாக் தான். ஒரு வருஷம் குடிக்காம இருந்தா பைக்னு எங்கப்பா சொன்னாரு, ரெண்டு வாரம் கூட தாங்கல.

தாங்காது தங்கச்சி. பைக் அடுத்த வருஷம், குவாட்டர் இன்னைக்கு சாயங்காலம், அவரு மூளைக்கு எது பெருசா தெரியும்? பரிசு சின்னதா இருக்கட்டும், உடனே வரட்டும், டெஸ்ட்ட பாத்து வரட்டும். ஊதற மெஷின்ல சில மணிநேரம் முன்னாடி குடிச்சது தான் தெரியும், யூரின்ல ஈடிஜி, அதாவது குடிச்சா உடம்புல உண்டாகற ஒரு பொருள், அத பாத்தா ஒண்ணு ரெண்டு நாள் முந்தினதும் மாட்டும். அத போதை மறுவாழ்வு சென்டர்ல பாக்கட்டும், நீங்க வீட்ல போலீஸ் வேலை பாக்காதீங்க. இன்னொண்ணு, தினமும் குடிக்கறவர ஆசை காட்டி ஒரே நாள்ல நிறுத்த வைக்காதீங்க, வலிப்பு வரும், ரெண்டு மூணு நாள்ல நடுக்கம், குழப்பம், இல்லாதது கண்ணுல தெரியறதுன்னு போய் உயிருக்கே ஆபத்து. டாக்டர பாத்துட்டு தான் நிறுத்தணும்.

ஜங்ஷன்: தெரியாம சாப்பாட்டுல கலக்கற பொடி இருக்காமே?

வேண்டாம். அதுல டைசல்ஃபிரம்னு குடிய விட டாக்டர் குடுக்கற மருந்து இருந்து, அது தெரியாம அவரு குடிச்சார்னா பிரஷர் இறங்கி ஆளே போயிடலாம்.

ஹஸ்தம்பட்டி: நான் ஒரு சொட்டு தொட்டதில்ல, எனக்கு யார் காசு தரா? இது குடிகாரனுக்கு லஞ்சம்.

வந்துட்டீங்களா, உங்கள தான் எதிர்பாத்தேன். லஞ்சம்னா தப்பு பண்றதுக்கு குடுக்கறதுங்க, இது டெஸ்ட்ல சுத்தமா வந்ததுக்கு குடுக்கறது.

அஞ்சு ரோடு: அண்ணன் சொல்றது சரி தான், அந்த காசுலயே குடிப்பான்.

அதான் ரொக்கம் இல்லன்னு மேலயே சொன்னேனே, படிக்கவே மாட்டீங்களா?

ஹஸ்தம்பட்டி: சரிக்கா, ஆனா வரிப்பணம் தானே?

நியாயமான கேள்வி. செலவு குறைக்கணும்னு தான் அமெரிக்கால நான்சி பெட்ரின்னு ஒரு ஆராய்ச்சியாளர் அம்மா, டெஸ்ட்ல சுத்தமா வந்தவங்க எடுக்கற மாதிரி கண்ணாடி கிண்ணத்துல 500 சீட்டு போட்டு குலுக்கல் மாதிரி பண்ணாங்க, பாதி சீட்டுல “சபாஷ்” மாதிரி ஒரு வார்த்தை தான், மீதில பெரும்பாலும் 1 டாலர் பொருள், சிலதுல 20, ஒரே ஒண்ணுல 100. 2000த்துல குடிப்பழக்கம் இருந்த முன்னாள் ராணுவத்தினர்கிட்ட பண்ண ஆய்வுலயே நிறைய பேர் பாதில ஓடாம நின்னாங்க. 2011ல இருந்து அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிங்கள்ல இது நடக்குது. கலிஃபோர்னியால ஒருத்தருக்கு வருஷத்துக்கு 599 டாலர் வரைக்கும் தராங்க. ஒரு தடவை ஐசியூல படுத்தா ஆகற பில்ல நினைச்சு பாருங்க. உங்களுக்கு ஏன் தரலன்னா உங்களுக்கு நோய் இல்ல, சந்தோஷப்படுங்க.

அஞ்சு ரோடு: பரிச நிறுத்தினா மறுபடி குடிப்பானே?

இப்ப தான் உருப்படியா கேட்டீங்க. நிறுத்தின பிறகு பலன் தேயத்தான் செய்யும், சிலர் திரும்பிடுவாங்க. அதனால பரிசு ஓடற மாசங்கள்லயே கவுன்சிலிங், வேலை, குடும்பம் மூணையும் கட்டி எழுப்பணும், பரிசு மட்டும் போட்டா வெறும் சாரக்கட்டு தான், கட்டடம் இல்ல.

ஏற்காடு: எஸ்டேட்ல சூப்பர்வைசர்ங்க. காபி பழம் பறிக்கற சீசன்ல குடிக்காம வந்தா தனி போனஸ், குடிச்சா கூலில பிடிக்கலாமா?

கூலில கை வைக்காதீங்க, அது அவங்க உழைப்பு. தனியா குடுக்கறதும் அவங்க சம்மதிச்சு சென்டர் மூலமா நடக்கட்டும், எல்லாரையும் வரிசைல நிக்க வச்சு ஊத சொன்னா அது வைத்தியம் இல்ல, அவமானம்.

சேவாப்பேட்டை: அக்கா, சாப்பாட்டுல கலக்கற மருந்து...

மேல இருக்கு.

சூரமங்கலம்: தம்பி வலி மாத்திரைய கரைச்சு ஊசி போட்டுக்கறான், பரிசு குடுத்தா போதுமா?

போதாதுங்க. அந்த வகைக்கு மருந்து இருக்கு, முதல்ல அது, பரிசு அதுக்கு மேல துணைக்கு. இன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு கூட்டிட்டு போங்க, போக முடியலன்னா 14446க்கு போன் பண்ணுங்க, இலவசம்.

ஆத்தூர்: என்ன பரிசு வாங்கலாம்?

அவர்கிட்டயே கேளுங்க. பொண்ணு ஸ்கூல் பேக்னு ஒருத்தர் சொல்வாரு, பிரியாணின்னு இன்னொருத்தர் சொல்வாரு, ரெண்டும் ஓகே.