280 வெள்ளி அறை 330 ஆனது எப்படி? பினாங்கு விடுமுறை: பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு, பினாங்கின் பத்து ஃபிரிங்கி பகுதியில் ஒரு கடற்கரை ஹோட்டல் பார்த்தோம். ஓர் இரவுக்கு 280 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருந்தது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் 330க்கு மேல் காட்டுகிறது. இது ஏமாற்று வேலைதானே? நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், ஆக ஐந்து பேர்.
- செந்தூல் வாசகி

பதில்: சட்டப்படி ஏமாற்று இல்லை. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. 280க்குப் பக்கத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும், மறுபடி போய்ப் பாருங்கள். முதல் குறி ஹோட்டல் வாங்கும் சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு. இரண்டாவது அரசாங்கத்தின் சேவை வரி. 2024 மார்ச் 1 முதல் அறை வாடகைக்கு அது 6லிருந்து 8 விழுக்காடாகிவிட்டது. இரண்டையும் சேர்த்தால் 280 வெள்ளி 330ஐத் தாண்டும். பினாங்கில் இதற்கு மேல் ஊராட்சிக் கட்டணம் ஒன்றும் உண்டு. அறைக்கு, இரவுக்கு இரண்டு மூன்று வெள்ளிதான், மலேசியர்களும் கட்ட வேண்டும். 10 வெள்ளி சுற்றுலா வரி மட்டும் வெளிநாட்டவருக்கு உரியது. கவுண்டரில் மைகார்டை (மலேசிய அடையாள அட்டை) காட்டினால் உங்களிடம் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் தனி அறை எடுத்தால் அவர்கள் கட்ட வேண்டியிருக்கும்.

அதனால் இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடும்போது முதல் பக்கத்து விலையைப் பார்க்காதீர்கள். இரண்டிலும் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே வரும் தொகையை வைத்துப் பேசுங்கள்.

பணத்தை விட எனக்குக் கவலை உங்கள் ஆள் கணக்கு. அந்த விலை பெரும்பாலும் பெரியவர்கள் இருவருக்குத்தான். காலை உணவும் இருவருக்குத்தான். மூன்றாவது பெரியவருக்குக் கூடுதல் கட்டில், பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம் என்று அங்கே போனபின் சொல்வார்கள். முன்பதிவு செய்யும் முன் ஹோட்டலுக்கே போன் போட்டு, ஐந்து பேர், பிள்ளைகளின் வயது இவ்வளவு, பசியாறலோடு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள். மனம் மாறி ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டு ஹோட்டல்களில் ஒன்றை எடுப்பதாக இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: லிஃப்ட் இருக்கிறதா, அறையில் ஜன்னல் இருக்கிறதா? அந்தக் கட்டடங்களின் மரப்படிகள் செங்குத்தானவை, மாமியார் முழங்காலுக்கு ஆகாது. நடு அறைகள் சிலவற்றில் ஜன்னலே கிடையாது. படத்தில் அழகான திரை தொங்கும், பின்னால் சுவர் இருக்கும்.

கேள்வி: பினாங்குக்கு எந்த வார இறுதியில் போனால் அறை மலிவாகவும் இருக்கும், ஏதாவது விசேஷமும் பார்க்கலாம்?
- காஜாங் வாசகர்

பதில்: இரண்டும் ஒரே நாளில் கிடைப்பது கடினம். விசேஷம் வேண்டுமா, மலிவு வேண்டுமா என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள். அறை விலையைத் தீர்மானிப்பது ஹோட்டலின் நட்சத்திரத்தை விட நீங்கள் போகும் தேதிதான்.

மலிவுதான் முக்கியம் என்றால் சனிக்கிழமை இரவை விட்டுவிடுங்கள். ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து, திங்கள் ஒருநாள் லீவு எடுங்கள். அதே அறையின் விலை ஞாயிறு இரவில் நன்றாக இறங்கியிருக்கும். திங்கள் பொது விடுமுறையாக இருந்தால் மட்டும் இது பலிக்காது. ஜூன் மாதமும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பரும் சிங்கப்பூர் பள்ளிகளுக்கு விடுமுறை, அப்போதும் விலை ஏறும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், அறை எளிதாகக் கிடைக்கும். கடலில் குளிக்க வேண்டும் என்றில்லை, சாப்பிடவும் சுற்றவும்தான் என்றால் எனக்கு அந்த மாதங்களே பிடிக்கும்.

விசேஷம் என்றால் நம்மவர்களுக்கு முதலில் தைப்பூசம். தைப்பூசத்துக்கு முந்திய நாள் அதிகாலையில் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். குவின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. வழி நெடுகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள், தார்ச்சாலை இளநீரில் நனைந்து கிடக்கும். ரதம் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை போய்ச் சேர இரவாகிவிடும். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தேதி தெரிந்தவுடனே, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் பிடித்து வையுங்கள். கோயிலுக்குப் பக்கம் என்று ஆசைப்பட்டு ஜாலான் உத்தாமா பக்கம் எடுத்தால், தண்ணீர்ப் பந்தல்களில் போடும் பாட்டுச் சத்தத்தால் இரவெல்லாம் தூக்கம் வராது. சாலைகளை மூடியபின் கிராப் வாடகைக் கார் கூட உள்ளே வராது. வயதானவர்களோடு போனால் சற்றுத் தள்ளிக் கடலோரக் கெர்னி பக்கம் தங்கி, கூட்டம் குறைந்த நேரத்தில் போய் வருவது நல்லது. குன்றின் மேல் கோயிலுக்கு 513 படி என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜூலை 7 பினாங்கில் பொது விடுமுறை. 2008இல் அந்த நாளில்தான் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியத் தளமானது. அதையொட்டிய நாள்களில் பழைய தெருக்களில் கைவினை, கலை நிகழ்ச்சிகள் நடக்கும், பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. மே கடைசி முதல் ஜூலை வரை பாலேக் பூலாவில் டுரியான் பருவம். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கலாம். பழத்தைத் தோட்டத்திலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். டுரியானையும் மங்குஸ்தீனையும் அறைக்குள் கொண்டுவந்தால் அபராதம் என்று பல ஹோட்டல்களில் வாசலிலேயே எழுதியிருக்கும். ஒன்று வாடைக்கு, மற்றது வெள்ளைப் படுக்கை விரிப்பில் படியும் கறைக்கு.

கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நிலையத்திலிருந்து நடந்து போய்த் தீவுக்கு ஃபெர்ரி ஏறலாம். ஃபெர்ரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, காரில் வந்தால் பாலம்தான்.

கேள்வி: செக்-இன் செய்யும்போது டெபிட் கார்டில் 200 வெள்ளி முன்பணம் பிடித்தார்கள். ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியும் வரவில்லை.
- கிள்ளான் வாசகர்

பதில்: ஹோட்டல் விடுவித்திருந்தாலும் வங்கி கணக்கில் சேர்க்கப் பல நாள் பிடிக்கலாம். ஹோட்டலைக் கூப்பிட்டு, தொகையை விடுவித்ததாக ஒரு கடிதம் கேளுங்கள். உங்கள் ரசீதில் இருக்கும் அப்ரூவல் கோட் அதில் இருக்க வேண்டும். அதை வங்கியில் கொடுத்தால் வேலை வேகமாகும். அடுத்த முறை முன்பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

கேள்வி: முகநூலில் பார்த்த கொண்டோ ஹோம்ஸ்டேக்கு இரண்டு இரவுக்கு முழுப் பணமும் தனியார் கணக்குக்கு அனுப்பினேன். போனால் காவலாளி உள்ளே விடவில்லை, வாடகைக்கு விட இங்கே அனுமதி இல்லை என்கிறார். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. பணம் திரும்ப வருமா?
- பூச்சோங் வாசகி

பதில்: காவலாளி சொல்வது உண்மையாக இருக்கலாம். குறுகிய கால வாடகையை அடுக்குமாடி நிர்வாகம் தடை செய்யலாம் என்று 2020இல் மோண்ட் கியாரா வழக்கு ஒன்றில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தடையைத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது, உங்கள் பணத்தை வைத்துக்கொள்ள அது காரணமாகாது.

இப்போது செய்ய வேண்டியது: இது மோசடி என்று பட்டால் இந்த நிமிடமே மோசடிப் புகார் மையத்தின் 997க்கு அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க வேண்டும். அப்புறம் போலீஸ் புகார். அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். இதைப் பணம் அனுப்பும் முன் பார்ப்பதுதான் நல்லது, மற்ற வாசகர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் நிஜமான ஆள், பெயரும் முகவரியும் தெரியும் என்றால் டி.டி.பி.எம். என்கிற பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுக்கிறார்கள், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் இன்றே படம் பிடித்து வையுங்கள், முகநூல் பக்கம் நாளைக்கு இருக்காது. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, 14 நாளுக்குள் அவர் பணத்தைக் கட்டாவிட்டால் அது தனிக் குற்றம்.