சிவாஜிக்குக் கிடைக்காத விருது

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 செப்டம்பர் 23 அன்று புதுதில்லியில் நடந்த 71-ஆவது தேசியத் திரைப்பட விருது விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ‘பார்க்கிங்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருதை எம்.எஸ். பாஸ்கர் பெற்றதை எண்ணி மகிழ்ந்தேன். நீங்களும் அதை மனமாரப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ஆனால் உடன் அமர்ந்திருந்த என் தந்தை, “சிவாஜிக்கு ஒருமுறைகூடச் சிறந்த நடிகர் விருது கொடுக்காதவர்கள் வேறு யாருக்குக் கொடுத்தால் என்ன?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த விருதை நீங்கள் ஏன் பொருட்படுத்துகிறீர்கள்?

ரா.

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

உங்கள் தந்தையின் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அது எந்த ஆண்டுகளின் மீது பாய வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

தேசிய விருதுகள் 1954-இல் தொடங்கியபோது அவை படங்களுக்கான விருதுகளாகவே இருந்தன. முதல் தங்கப் பதக்கம் ‘ஷியாம்சி ஆயி’ என்ற மராத்திப் படத்துக்குச் சென்றது. நடிப்புக்கான விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்பட்டது. அதை முதலில் பெற்றவர்கள் உத்தம் குமாரும் நர்கிஸும். அதற்குள் ‘பராசக்தி’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘பாசமலர்’, ‘திருவிளையாடல்’ எல்லாம் வெளிவந்து முடிந்திருந்தன. சிவாஜியின் மிகச் சிறந்த பதினைந்து ஆண்டுகளில் அவருக்குக் கொடுப்பதற்கு அப்படியொரு விருதே இல்லை என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அடுத்த ஆண்டை மட்டும் என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும், கே.எஸ். பிரசாத்துக்கு வண்ண ஒளிப்பதிவுக்கான விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. அதே ஆண்டு, சிவாஜி நடித்த ‘உயர்ந்த மனிதன்’ படத்தின் பாடலுக்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதை பி. சுசீலா பெற்றார். ஒளிப்பதிவையும் குரலையும் அடையாளம் கண்டுகொண்ட அந்த ஆண்டின் தேர்வில், சிறந்த நடிகர் விருது ‘ஆசீர்வாத்’ என்ற இந்திப் படத்தில் நடித்த அசோக் குமாருக்குச் சென்றது.

சிவாஜியின் கலை தமிழ் உச்சரிப்பில் ஊன்றி நிற்பது, மொழி தெரியாதவர் எழுத்துவடிவ மொழிபெயர்ப்பைப் படித்தபடி அதை எப்படி அறிய முடியும் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. எனக்கு அது போதவில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில், மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்துக்குச் சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் மூச்சும் இசைந்து நிற்கின்றன. அதைக் காண ஒரு சொல் தமிழ்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழே அறியாத ஒரு தேர்வுக் குழுதான் 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் ‘கட்டபொம்மன்’ படத்துக்காக அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது. ஆகவே மொழி ஒரு தடைதான் என்றாலும், அது முழுக் காரணம் அல்ல. மேடைமரபிலிருந்து வளர்ந்த நடிப்பைத் தாழ்வாகவும், அடங்கிய நடிப்பை உயர்வாகவும் கருதும் ரசனை அன்று உருவாகிக்கொண்டிருந்தது என்றே நான் நினைக்கிறேன். 1992-இன் ‘தேவர் மகன்’ படத்துக்குச் சிறப்பு ஜூரி விருதும், பின்னர் 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றால் 1968 திரும்பி வந்துவிடாது.

காலம் கடந்து கடனை அடைக்கும் இந்தப் பழக்கத்தையே நான் கடுமையாக எதிர்க்கிறேன். தேசிய விருது ஓர் ஆண்டின் படங்களுக்கானது. ஜனவரி முதல் டிசம்பர் வரை தணிக்கைச் சான்று பெற்று, போட்டிக்கென்று அனுப்பப்பட்ட படங்களை மட்டுமே நடுவர்கள் பார்க்கிறார்கள். இம்முறை ‘ஜவான்’ படத்துக்காக ஷாருக் கானுக்குக் கிடைத்தது அவருடைய முதல் தேசிய விருது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவருடைய பணிக்கு நன்றி சொல்வதற்காகக் கொடுத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. அவருடன் விருதைப் பகிர்ந்துகொண்ட விக்ராந்த் மாஸியின் நடிப்புதான் அந்த ஆண்டுக்குரியது.

இரண்டடுக்குத் தேர்வு முறை வந்த பிறகு, மொழி தெரிந்தவர்களைக் கொண்ட வட்டாரக் குழுக்கள் முதலில் பார்த்துத் தேர்ந்து அனுப்புகின்றன. இது பெரிய திருத்தம். இன்னும் வராத திருத்தம், காரணங்களை விரிவாக எழுதி வெளியிடுவது. ‘உள்ளொழுக்கு’ என்ற மலையாளப் படத்தில் முதன்மைப் பாத்திரத்தில் நடித்து, இம்முறை சிறந்த துணை நடிகை விருது பெற்ற ஊர்வசி, தன்னை எந்த அளவுகோலின்படி துணை நடிகையாகக் கணக்கிட்டார்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அது. ஒரு பாராட்டுக் குறிப்புக்குப் பதிலாக, எந்தக் காட்சியில் எதைக் கண்டோம் என்று நடுவர்கள் நான்கு பக்கம் எழுதினால், பிற்காலத்தில் நாம் அவர்களோடு வாதாடவாவது முடியும். 1968-இன் நடுவர்களோடு அப்படி வாதாட எனக்கு எவ்வளவோ ஆசை.

இவ்வளவு குறைகள் இருந்தும் எம்.எஸ். பாஸ்கரின் விருதை நான் பொருட்படுத்தியதற்குக் காரணம், அது அந்த ஆண்டின் ஒரு குறிப்பிட்ட வேலைக்குக் கிடைத்தது என்பதுதான். பின்னணிக் குரல், தொலைக்காட்சித் தொடர், நகைச்சுவைப் பாத்திரங்கள் என்று பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். ராம்குமார் பாலகிருஷ்ணனின் முதல் படமான ‘பார்க்கிங்’கில், ஒரே வீட்டின் இரண்டு குடித்தனக்காரர்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்காகப் பகையாகிறார்கள். ஓய்வை நெருங்கும் நேர்மையான அதிகாரி ஒருவரின் தன்மதிப்பு, சிறிது சிறிதாக வன்மமாக மாறுவதை, நாம் அவரை முழுதாக வெறுத்துவிடாதபடியும் முழுதாக மன்னித்துவிடாதபடியும் பாஸ்கர் நடித்துக் காட்டுகிறார். திரைக்கதைக்கும், சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சேர்த்து விருது வந்தது. ஆனால் அந்தப் பாத்திரம் தவறியிருந்தால் திரைக்கதை வெறும் சண்டைக் கதையாக நின்றிருக்கும்.

உங்கள் தந்தைக்கு ஒரு விண்ணப்பம். 1969-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் விருது, மிருணாள் சென் இயக்கிய ‘புவன் ஷோம்’ படத்துக்காக உத்பல் தத்துக்குச் சென்றது. கண்டிப்பான ரயில்வே அதிகாரியாக அவர் வரும் அந்தப் படத்தையும், சிவாஜி மூன்று வேடங்களில் நடித்து அதே ஆண்டு வெளிவந்த ‘தெய்வ மக’னையும் அடுத்தடுத்த நாட்களில் இருவரும் சேர்ந்து பாருங்கள். பார்த்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.