கரைச்சல்

அன்புள்ள அண்ணா,

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். மார்பில் கட்டி எடுத்து மூன்று கீமோ முடிந்துவிட்டது. அடுத்தது 14 ஆம் திகதி. கிளினிக் நாளில் விடிய நாலு மணிக்கே வெளிக்கிட வேண்டும். ஒருமுறை 11 மணி வரை இருத்திவைத்து, "கவுண்ட் காணாது, அடுத்த கிழமை வாங்க" என்று திருப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறார்கள். வீட்டில் அன்னமுன்னா இலை அவித்துக் குடிக்கச் சொல்கிறார்கள். இரண்டாம் கீமோவுக்குப் பிறகு ஒரு நடுச்சாமம் நல்ல காய்ச்சல். ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்க மனமில்லாமல் ரெண்டு பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். மருந்து ஏறும் நேரத்தில் வாசிக்க நல்ல புத்தகங்கள் சொல்வீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

புத்தகம் இருக்கட்டும். டொக்டருக்குத் தெரியாமல் எந்த இலையையும் அவித்துக் குடிக்காதீர்கள், அவ்வளவுதான். திருப்பி அனுப்பியதில் பிழையில்லை. வெள்ளை அணு குறைந்திருக்கும்போது மருந்து ஏற்றினால் உடம்பு தாங்காது. அதை ஒரு நிமிடம் நின்று தமிழில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் அந்தக் காய்ச்சலைப் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் புத்தகம் கேட்கிறீர்களே, உங்களுக்கென்ன விசரா? கீமோ ஏற்றி 7 ஆம் நாளிலிருந்து 14 ஆம் நாள் வரைக்கும்தான் பெரும்பாலும் வெள்ளை அணு ஆக அடியில் கிடக்கும். கிருமி புகுந்தால் பெரும்பாலும் சீழ் வைக்காது, சிவக்காது. அதற்கும் வெள்ளை அணு வேண்டுமே. பல நேரம் உடம்பு போடுகிற ஒரே சத்தம் காய்ச்சல்தான். அதையும் பனடோல் அமத்திவிடும். 100.4 பாகை பரனைட் காட்டினால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்து ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பில் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும்.

திட்டுகிற நானும் இதே வேலையைத்தான் செய்தேன். எனக்குப் புற்றுநோய் நிணநீர்ச் சுரப்பியில். நாலாம் கீமோ ஏற்றிப் பதினோராம் நாள் இரவு காய்ந்தது. மனைவியை எழுப்பவில்லை. விடிந்துதான் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஓபிடி வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர். கீமோ என்று சொன்னால் முந்திப்போகக் கேட்பதுபோல் இருக்குமே என்று வாயைத் திறக்கவில்லை. துண்டு எழுதியவர் "காய்ச்சலா, இருங்க" என்றார். இருந்தேன். வெயில் முகத்தில் அடிக்கிறது, பல்லு கிடுகிடுக்கிறது. நிலம் துடைத்துக்கொண்டு வந்த வயசான மனுசி ஒருத்தி தடியை நிறுத்தி என்னையே பார்த்தா. தொப்பியை இல்லை, அதற்குக் கீழே.

"மனே, உனக்குப் புருவம் இல்லயே. மருந்து ஏத்துறியா?"

தலையாட்டினேன். தடியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனவ, ஒரு தாதியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுதான் திரும்பி வந்தா. ஏழு நாள் வாட்டில் கிடந்தேன். அவ பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இந்தக் கரைச்சல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கலியாண வீட்டுக்குக் கிடாரம் இரவல் கேட்டு நடுச்சாமத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோம், அது கரைச்சல் இல்லை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் மட்டும் கரைச்சல்! அதிலும் நம் பெண்கள், தன் வருத்தத்துக்குத் தானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படுப்பார்கள். மண்முனையில் வாவியைக் கடக்க, பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்துக்கிடந்த காலமா இது? 2014 இலேயே பாலம் வந்துவிட்டது. இரவில் யானைப் பயம் இருக்கிறது, தெரியும். அதனால்தான் பகலிலேயே ஒரு ஓட்டோக்காரத் தம்பியிடம் சொல்லிவைக்க வேண்டும். 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். போனதும் முதல் வசனம், "கீமோ ஏத்தி ஒன்பதாம் நாள், காய்ச்சல்." கிளினிக் கொப்பியை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். எரிந்து விழுந்தால் விழட்டும்.

புத்தகம் கேட்டீர்கள். நான் கொண்டுபோன தடித்த நாவல் ஆறு கீமோவிலும் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. சொட்டுச் சொட்டாய் விழுவதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வாசிக்க முடிந்தால் எதையும் வாசியுங்கள்.

14 ஆம் திகதி மருந்து என்றால் 21 இலிருந்து 28 வரை கலண்டரில் வட்டம் போடுங்கள். தர்மாமீட்டர் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே வாங்குங்கள். வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.