வாங்கிய கினிக்கோழி வீடு தங்க மாட்டேன் என்கிறதே!

கேள்வி: வேப்பனப்பள்ளியைத் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டி எனக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம். பாறையும் வேலிகாத்தானும்தான் அதிகம். கண்ணாடி விரியனுக்குப் பயந்து, எல்லைக்கு அந்தப் பக்கச் சந்தையில் ஆறு ஜோடி பெரிய கினிக்கோழி வாங்கி விட்டேன். மூன்றாம் நாள் எட்டைக் காணோம். விற்றவர், “ஐம்பது குஞ்சு தருகிறேன், வளர்ந்ததும் நானே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். வாங்கலாமா? இந்த வறட்டு நிலத்துக்கு இது சரிப்படுமா?

பதில்: நிலத்தைக் குறை சொல்லாதீர்கள். சகாரா பாலைக்குத் தெற்கே, புல்லும் முள்ளும் மண்டிய காட்டில் வாழ்ந்த இனம் இது. நிழலும் நாள் முழுக்கத் தண்ணீரும் இருந்தால் உங்கள் ஊர் சித்திரை வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தப்பு நடந்தது வேறு இடத்தில். வளர்ந்த பறவையை வாங்கி, வந்த கையோடு அவிழ்த்து விட்டிருக்கிறீர்கள். நாட்டுக்கோழியை இரண்டு நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் வீட்டைப் பழகிவிடும். கினிக்கோழிக்கு அது போதவே போதாது.

மிச்சமுள்ள நான்கையும் இன்றே அடைத்து வையுங்கள். மேலேயும் வலை போட்ட பட்டியாக இருக்கட்டும், பக்கத்தில் மட்டும் வலை கட்டினால் பறந்துவிடும். குறைந்தது ஆறு வாரம் உள்ளேயே தீனி, உள்ளேயே தண்ணீர். தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒரே தகரத்தைத் தட்டிக் கம்போ ராகியோ போடுங்கள். இருட்டான கொட்டகைக்குள் அது நுழையாது, அதனால் சாயங்காலம் உள்ளே சின்ன பல்பு ஒன்று எரியட்டும். ஆறு வாரம் கழித்து, காலைத் தீனி போடாமல், மாலையில் இரண்டை மட்டும் திறந்து விடுங்கள். உள்ளே இருக்கும் இரண்டை விட்டு அவை தூரம் போகாது. சில நாள் இப்படிப் பழக்கிவிட்டு எல்லாவற்றையும் விடலாம். போன எட்டில் சில, பக்கத்துத் தோப்புப் புளியமரத்தில் இருந்தால், அடைத்தவற்றின் கூச்சலுக்குத் திரும்பி வரவும் கூடும்.

இனி அந்த வியாபாரி. “ஜோடி” என்று சொன்னாரே, எதை வைத்துச் சொன்னார்? சேவலும் பெட்டையும் நிறத்தில் ஒன்று, உடம்பிலும் ஏறக்குறைய ஒன்று. தாடை மடல் சேவலுக்குப் பெரிதாக, குழிந்து இருக்கும் என்பார்கள், வயதில் சின்னதை அப்படிப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. சத்தம்தான் நம்பகம். இரண்டு அசையாக, பின் அசையை இழுத்துக் கத்தினால் பெட்டை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, கவனமாகக் கேளுங்கள். பெட்டையும் மிரண்டால் சேவல் மாதிரியே ஒற்றை அசையில் கத்தும். ஆகவே ஒற்றை அசை கேட்டதும் சேவல் என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு அசை கேட்டால் மட்டும் பெட்டை என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் சேவலுக்கு அந்தச் சத்தம் வராது. சந்தையில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட பறவை மிரண்டுதான் இருக்கும், அங்கே கத்துவதெல்லாம் ஒற்றை அசைதான். போதாக்குறைக்கு, இதன் கால் சீக்கிரம் பிசகிவிடும். தரையில் இறக்கிவிடச் சொல்லி நொண்டுகிறதா என்று பாருங்கள். விற்பவர் தயங்கினால் நடையைக் கட்டுங்கள். நீங்களும் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துப் பிடியுங்கள்.

“நானே எடுத்துக்கொள்கிறேன்” என்ற வாக்கை நம்பி ஒரு குஞ்சு கூட வாங்காதீர்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கும் இப்படித்தான் சொன்னார்கள். 2012-இல் கம்பெனிகள் கவிழ்ந்ததும் பறவைக்குத் தீனி போடவும் ஆளில்லை, போட்ட பணத்துக்குப் பதில் சொல்லவும் ஆளில்லை. திரும்ப வாங்குகிறவர், முதலில் உங்களுக்கு விற்கும் விலையில்தான் லாபம் பார்க்கிறார். உங்கள் ஊரில் கினிக்கோழிக் கறி யார் வாங்குவார்கள் என்று நீங்களே விசாரித்துப் பார்த்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

குஞ்சு வாங்குவதுதான் நல்லது, ஐம்பது வேண்டாம், பதினைந்து போதும். ஓசூர் மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி இருக்கிறது. எங்கே நல்ல குஞ்சு கிடைக்கும் என்று அங்கே கேளுங்கள். முட்டையாகக் கிடைத்தால் நாட்டுக்கோழியை அடை வையுங்கள், 26 முதல் 28 நாள் ஆகும். கினிப்பெட்டையை நம்ப வேண்டாம், பனியில் நனைந்த புல்லில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு அலைந்தே பாதியைச் சாகடிக்கும். முதல் வாரம் 35 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் முழுகிவிடும். புரதம் அதிகம் கேட்கும், கடையில் பிராய்லர் பிரீ ஸ்டார்டர் என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் நிலத்தில் புற்றுக்குக் குறைவிருக்காது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, வைக்கோல், சாணம் திணித்து நீர் தெளித்துப் புற்றுக்கருகே சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள், காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

பாம்பு விஷயம். கினிக்கோழி இருந்தால் பாம்பே வராது என்பது வியாபாரப் பேச்சு. பாம்பைக் கண்டால் கூட்டமாகச் சூழ்ந்து ஊரைக் கூட்டும், அவ்வளவுதான். அந்தக் கூச்சல் காவலுக்கு உதவும், ராத்திரியில் உதவாது. விரியன் நடமாடுவது பெரும்பாலும் ராத்திரியில். தீனியை வாசலில் இறைத்து விட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் விரியன் வரும். பட்டிக்குள்ளேயே, அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். பெட்டை வேலிகாத்தான் புதரில் முட்டையைக் குவித்து வைக்கும், கீரிக்கும் நாகத்துக்கும் அது விருந்து. தினமும் மதியத்துக்கு மேல் தேடி எடுங்கள். நான்கைந்தை விட்டு வைத்தால்தான் அதே இடத்தில் தொடர்ந்து இடும், எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் புதரை மாற்றிவிடும். விட்டு வைக்கும் முட்டையில் பென்சில் கோடு போட்டுவிடுங்கள், பழசு எது புதுசு எது என்று தெரியும்.

நோயே வராது என்றும் சொல்லியிருப்பார். கோழியைவிடத் தாங்கும், ஆனால் வெள்ளைக் கழிச்சல் இதற்கும் வரும். தடுப்பூசி போடுங்கள் என்று எழுதுவது எளிது. மருந்துக் குப்பியோ நூற்றுக்கணக்கான பறவைகளுக்கான அளவு, கலக்கிய ஓரிரு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். பதினைந்து பறவைக்காக மருந்தகத்தில் யாரும் அதை உடைக்க மாட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, சிறு விவசாயியை நினைத்துக் குப்பியைச் சின்னதாகப் போடாத மேலிடத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் கோழிகளுக்கு இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள், அதில் இதையும் கொண்டுபோங்கள். “இது கோழி இல்லையே” என்று யாராவது இழுத்தால் அசைந்து கொடுக்காதீர்கள்.

கடைசியாக, ஆந்திரப் பக்கத்திலிருந்து பறவை கொண்டுவரும் முன் செய்தியைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. அப்படி ஒரு செய்தி இருக்கும்போது சந்தைப் பறவையை வண்டியில் ஏற்றாதீர்கள். நோய் பரவி அதிகாரிகள் வந்து அழித்தால்தான் இழப்பீடு, அவர்கள் வருமுன் தானாகச் செத்த பறவைக்கு ஒன்றும் கிடையாது.